வெனோசா அருங்காட்சியகமும் தொல்லியல் பூங்காவும்: பெரிய பெயர்களை விடுங்கள், கல்லைப் பாருங்கள்

வெனோசாவைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று பெயர்கள் கட்டாயம் வரும்: லத்தீன் கவி ஹொரேஸ், நார்மன் போர்த்தலைவன் ராபர்ட் கிஸ்கார்ட், மனைவியைக் கொன்ற இசையமைப்பாளர் கார்லோ ஜெசுவால்டோ. இந்த மூன்று பெயர்களை மட்டும் நம்பி இந்தத் தெற்கு இத்தாலியச் சிற்றூருக்குப் போகிறவர்கள் அரை நாளில் சலித்துத் திரும்புவார்கள். ஹொரேஸின் வீடு என்று காட்டப்படுவது அவருடைய வீடு இல்லை. கிஸ்கார்டுக்குத் தனிக் கல்லறை இல்லை. ஜெசுவால்டோ கொலை செய்தது நேப்பிள்ஸில், அவரைப் புதைத்ததும் அங்கேதான். ஆனால் கல்லில் எழுதியிருப்பதை நின்று பார்க்கும் பொறுமை இருந்தால், பன்னிரண்டாயிரம் பேர்கூட இல்லாத இந்த ஊரில் ஒரு முழு நாளும் போதாது.

பசிலிகாட்டா மாநிலத்தின் வடக்கில், வுல்துரே என்ற அணைந்த எரிமலைக்குக் கிழக்கே, இரண்டு ஓடைப் பள்ளங்களுக்கு நடுவில் நீண்டு கிடக்கும் மேட்டின் மேல் இருக்கிறது வெனோசா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 415 மீட்டர் உயரம். ஒரு கோடியில் கோட்டை. அதற்குள் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். மறுகோடியில் தொல்லியல் பூங்காவும் அதை ஒட்டிய திரித்துவ மடாலயமும். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். ஊருக்கு வெளியே மதலேனா குன்றில் யூதர்களின் நிலத்தடிக் கல்லறைகள். இந்த நான்கு இடங்களும் பார்வையாளருக்கு எப்படி இருக்கின்றன, எந்த வரிசையில் போக வேண்டும், எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வரிசை. பெரும்பாலானவர்கள் புகைப்படத்தில் பார்த்த கூரையில்லாத தேவாலயத்துக்கு நேராகப் போய்விட்டு, நேரம் மிஞ்சினால் அருங்காட்சியகத்துக்கு வருகிறார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். மடாலயத்தின் சுவர்கள் பழைய ஊரின் கற்களால் கட்டப்பட்டவை. ரோமானியக் கல்லறைக் கற்கள், தூண் துண்டுகள், எபிரேய எழுத்துள்ள பலகைகள் எல்லாம் அதில் செங்கல் மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை அடையாளம் காணும் பயிற்சி அருங்காட்சியகத்தில்தான் கிடைக்கும். அது இல்லாமல் போனால் கண்ணுக்கு வெறும் சுவர்தான் தெரியும்.

கோட்டையை 1470-ல் கட்டத் தொடங்கியவர் வெனோசாவின் பிரபு பிர்ரோ டெல் பால்ட்சோ. ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த தலைமைத் தேவாலயத்தை இடித்துவிட்டு, அதற்குப் பதிலாக ஊருக்குள் இன்னொன்றை எழுப்பினார். சதுர வடிவம், நான்கு மூலையிலும் உருளைக் கோபுரம், சுற்றிலும் ஆழமான அகழி. பீரங்கி யுகத்துக்காகக் கட்டிய கோட்டை, அதனால்தான் கோபுரங்கள் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கின்றன. பிர்ரோ 1485-ல் நேப்பிள்ஸ் அரசருக்கு எதிரான பிரபுக்கள் கிளர்ச்சியில் சேர்ந்து, சிறைப்பட்டு அழிந்தார். அவருடைய மகள் இசபெல்லா பின்னாளில் அதே நேப்பிள்ஸின் அரசியானாள். பிறகு வந்த ஜெசுவால்டோ குடும்பம் கோட்டையை வசிப்பிடமாக மாற்றியது. உள்முற்றத்தில் காணும் வளைவுத் தாழ்வாரம் அந்தக் காலத்து மாற்றம். நுழைவுப் பாலத்தின் முனையில் இரண்டு கல் சிங்கத் தலைகள் இருக்கும். கடந்து போய்விடாதீர்கள். அவை ரோமானிய இடிபாடுகளிலிருந்து எடுத்து வந்தவை. இந்த ஊரில் எதுவுமே முதல்முறை பயன்படுத்திய கல் இல்லை என்பதற்கு வாசலிலேயே சாட்சி.

1991-ல் திறந்த அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரோமானியர்கள் கி.மு. 291-ல் சாம்னைட் மக்களிடமிருந்து இந்த இடத்தைப் பிடித்து வெனூசியா என்ற லத்தீன் குடியிருப்பை அமைத்தார்கள். இருபதாயிரம் பேர் குடியேறியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோனிசியஸ் எழுதியிருக்கிறார். அந்த எண்ணிக்கை மிகை என்பவர்களே அதிகம். ஆனால் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் வெண்கல நாணயங்களைப் பார்த்தால், சொந்தமாகக் காசு அடித்த ஊர் என்ற அளவுக்கு எடை இருந்தது புரியும். அந்த எடை கி.மு. 216-ல் சோதிக்கப்பட்டது. கன்னே போரில் கார்த்தேஜ் தளபதி ஹானிபல் ரோமப் படையை அழித்தபோது, தப்பிய தளபதி வாரோ ஒரு சில குதிரை வீரர்களோடு ஓடி வந்து சேர்ந்தது இங்கேதான். அடுத்தடுத்து வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான வீரர்களை வெனூசியா மக்கள் வீடு வீடாகப் பிரித்து வைத்துக்கொண்டார்கள். குதிரை வீரனுக்கு உடையோடு 25 வெள்ளிக் காசு, காலாட்படை வீரனுக்கு 10 காசு, ஆயுதம் இழந்தவனுக்கு ஆயுதம் என்று கணக்கையே ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்திருக்கிறார். தோற்று வந்தவனிடம் இப்படி நடந்துகொண்ட ஊர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த அறையைப் பார்த்தால், காசுகள் வேறு மாதிரி தெரியும்.

அருங்காட்சியகத்தின் உயிர் கல்வெட்டுப் பகுதி. இங்கே ஒரு சிக்கல் வரும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவை லத்தீன் கல்மேல் பிடித்தால் உளறும். கல் தச்சன் இடத்தை மிச்சம் பிடிக்க முழுச் சொல்லை எழுதவில்லை, முதல் எழுத்துகளை மட்டுமே வெட்டினான் என்பதுதான் காரணம். நான்கைந்து சுருக்கங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கல்லறை வாசகங்கள் திறந்துகொள்ளும். முதல் வரியில் டி, எம் என்று இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் ‘இறந்தோரின் ஆவிகளுக்கு’ என்று பொருள், அது கல்லறைக் கல். வி என்ற எழுத்தில் தொடங்கும் சுருக்கச் சொல்லும் பக்கத்தில் ரோமன் எண்ணும் இருந்தால், அது வாழ்ந்த ஆண்டுகள். எச், எஸ், இ என்றால் ‘இங்கே கிடக்கிறார்’.

இதைவிட முக்கியமானவை இரண்டே இரண்டு எழுத்துகள். குடும்பப் பெயருக்குப் பின்னால் எஃப் வந்தால் ‘மகன்’, அதாவது சுதந்திரமாகப் பிறந்தவர். அதே இடத்தில் எல் வந்தால் ‘விடுவிக்கப்பட்டவர்’, அதாவது முன்னாள் அடிமை. எல் எழுத்துக்கு முன்னால் இருப்பது தகப்பன் பெயர் இல்லை, பழைய எஜமானின் பெயர். ஹொரேஸின் அப்பா அப்படி விடுவிக்கப்பட்ட ஒருவர்தான். மகன் பெரிய கவியான பிறகும் ஊர் அதைச் சொல்லிக் காட்டியது. அவரோ அதை ஒளிக்காமல், அப்பாவைப் பற்றிப் பெருமையாகவே எழுதினார். ஏலத்தில் வசூல் பார்க்கிற சின்ன வேலை, கொஞ்சம் நிலம். உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் பிள்ளைகள் படித்த பள்ளியில் விடாமல், மகனை ரோமுக்கே கூட்டிப் போய்ப் படிக்க வைத்த தகப்பன். ஹொரேஸைத் தேடி வருகிறவர்கள் அவர் சிலையின் முன் நிற்பதைவிட, எல் என்ற அந்த ஒற்றை எழுத்துள்ள ஒரு கல்லின் முன் ஐந்து நிமிடம் நிற்கலாம். அவர் பிறந்த வீட்டுக்கு அதைவிட நெருக்கமாகப் போக வழியில்லை.

இன்னொரு பொறி. வெனோசாவின் கல்வெட்டுகளில் ஹொர் என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் தென்படும். ‘இதோ ஹொரேஸ்!’ என்று படம் எடுக்கத் தோன்றும். அது ‘ஹொராஷியா’ என்ற வாக்காளர் பிரிவின் சுருக்கம். ரோமக் குடிமக்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பிரிவில் பதிவாகியிருக்க வேண்டும், வெனூசியாவினர் இந்தப் பிரிவு. கவிஞரின் குடும்பப் பெயரே இதிலிருந்து வந்திருக்கலாம், அப்பா தனி மனிதரின் அடிமையாக இல்லாமல் ஊரின் பொது அடிமையாக இருந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. நிரூபிக்கப்பட்டதில்லை. ஆனாலும் அந்த மூன்றெழுத்து பொருளில்லாத தற்செயல் இல்லை.

கோட்டையிலேயே தொல்பழங்காலப் பகுதியும் இருக்கிறது. ஊருக்கு அருகிலுள்ள நோதார்கிரிக்கோ அகழ்விடத்தில் ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கல் கருவிகள், பண்டைய யானையின் மண்டையோடு, 1985-ல் எடுத்த மனிதத் தொடை எலும்புத் துண்டு ஆகியவை கிடைத்தன. குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது நன்றாகவே பிடிக்கும். எங்கள் பார்வையில் மையம் கல்வெட்டுகள்தான்.

கோட்டையிலிருந்து ஊரின் நடுத்தெரு வழியாக நடங்கள். ரோமானியர் போட்ட தெருக் கட்டமைப்பு இன்னும் பெரிதாக மாறவில்லை, அதனால் வழி தவறுவது கடினம். வழியில் ஹொரேஸ் சதுக்கத்தில் 1898-ல் வைத்த வெண்கலச் சிலை. செய்தவர் அக்கில்லே டோர்சி. கொஞ்சம் தள்ளி ‘ஹொரேஸின் வீடு’. வட்டமான ஓர் அறையும் அதை ஒட்டிய நீள்சதுர அறையும். அவை வசதியானவர் வீட்டுக் குளியலறைப் பகுதியின் மிச்சம். கட்டுமானம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. கவி இறந்தது கி.மு. 8-ல். இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், போகிற வழியில் வெளியிலிருந்து பார்த்தாலே போதும். ‘மார்செல்லுஸின் கல்லறை’ என்று வழங்கும் சிதைவும் இதே ரகம். ஹானிபலோடு பலமுறை மோதிய தளபதி மார்செல்லுஸ் கி.மு. 208-ல் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் அந்தச் சிதைவு அவருடையது என்பது ஊர் வழக்கு மட்டுமே. ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது, இவ்வளவு பெயர் பெற்றவர்கள் வந்துபோன இடத்தில் ஒவ்வொரு பழைய சுவருக்கும் ஓர் உரிமையாளரைத் தேடத்தான் தோன்றும். பலகையில் எழுதியிருப்பதை வைத்து வரலாறு படிக்காதீர்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

உண்மையில் ஹொரேஸுக்கு இங்கே எதுவும் மிஞ்சாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கி.மு. 43-ல், சீசரைக் கொன்றவர்களுக்கு எதிராகக் கூட்டணி அமைத்த ரோமின் மூவராட்சியினர், வெற்றி பெற்றால் வீரர்களுக்குப் பங்கிட்டுத் தருவதாகப் பதினெட்டு இத்தாலிய ஊர்களின் நிலத்தை வாக்களித்தார்கள். பட்டியலில் வெனூசியாவும் இருந்தது. அடுத்த ஆண்டு பிலிப்பி போரில் ஹொரேஸ் எதிரணியில், புரூட்டஸின் படையில் போரிட்டுத் தோற்றார். திரும்பி வந்தபோது அப்பாவின் வீடும் இல்லை, நிலமும் இல்லை. ரோமில் கருவூல எழுத்தர் வேலை வாங்கிக்கொண்டு கவிதை எழுத உட்கார்ந்தார். பிறகு எழுதியவற்றில் வுல்துரே மலை, அண்டை ஊர்களான அச்செரென்சா, பான்சி, இரைச்சலிடும் ஓஃபாந்தோ ஆறு எல்லாம் பெயரோடு வருகின்றன. தான் லுக்கானியனா அபூலியனா என்று தனக்கே தெரியாது, வெனூசியாக்காரன் ஏர் இரண்டு எல்லையையும் ஒட்டித்தான் உழுகிறது என்றும் ஓரிடத்தில் சொல்கிறார். வீட்டைத் தேடாமல், கோட்டைப் பக்கமிருந்து மேற்கே தெரியும் அந்த மலையைப் பாருங்கள். அவர் சொன்ன மலை அதுவேதான்.

போகிற வழியில் தலைமைத் தேவாலயத்தின் மணிக்கூண்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது ரோமானிய ஆம்பிதியேட்டரின், அதாவது வட்டச் சண்டை அரங்கின், கல்லால் எழுந்தது. கழுத்தை நிமிர்த்தினால் சுவரில் பதிந்த கல்வெட்டுத் துண்டுகள் தெரியும்.

இனி மடாலயம். இரண்டு மணி நேரம் வேண்டும், மூன்று இருந்தால் இன்னும் நல்லது. இங்கே பார்வையாளர்கள் குழம்பும் விஷயம் ஒன்று: பழைய தேவாலயம் இன்றும் வழிபாடு நடக்கும் இடம், பூங்காவும் கூரையில்லாத பெரிய தேவாலயமும் தொல்லியல் துறையின் பொறுப்பு. ஒன்று திறந்திருக்கிறது என்பதற்காக மற்றதும் திறந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். பழைய தேவாலயத்துக்கு நண்பகலுக்கு முன்பே போய்விடுவது பாதுகாப்பு. இத்தாலியச் சிற்றூர்களில் தேவாலயங்கள் மதியம் பூட்டி மாலையில் திறப்பதுதான் வழக்கம்.

பழைய தேவாலயத்தின் தரைக்குக் கீழே ரோமானியக் கட்டடம், அதன்மேல் ஆரம்ப கால கிறிஸ்தவக் கோயில், அதன்மேல் நார்மன் காலத்து மாற்றங்கள். தரையில் திறந்து வைத்திருக்கும் இடங்களில் மொசைக்கைக் காணலாம். 1059-ல் போப் இரண்டாம் நிக்கோலஸ் வந்து இதை அர்ச்சித்தார். அப்போது வடக்குப் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் தெற்கு இத்தாலியைத் துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டிருந்த காலம். அவர்களில் முன்னணியில் நின்ற ஓட்வில் குடும்பம் இந்த மடாலயத்தைத் தன் குலக் கல்லறையாக்கியது. இரும்புக்கை வில்லியம், துரோகோ, ஹம்ப்ரி, கடைசியாக ராபர்ட் கிஸ்கார்ட் என்று நான்கு சகோதரர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள். கிஸ்கார்ட் 1085 ஜூலையில் கெஃபலோனியாவில் காய்ச்சலில் இறந்தார். உடலை ஏற்றி வந்த கப்பல் புயலில் சிக்கி, பிணம் கடலில் விழுந்து, மீட்டெடுத்து, கெட்டுப்போகாமலிருக்கக் குடலையும் இதயத்தையும் ஓத்ராந்தோவில் புதைத்துவிட்டு மீதியை இங்கே கொண்டுவந்தார்கள். ‘உலகின் பயங்கரம் இங்கே கிடக்கிறது’ என்ற வாசகம் அவர் கல்லறையில் இருந்ததாக ஓர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கல் இன்று இல்லை. பிற்காலத்தில் சகோதரர்களின் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெட்டியில் வைத்தார்கள். இன்று சுவரோரம் காண்பது அலங்காரமில்லாத அந்தச் சலவைக்கல் பெட்டிதான்.

எதிர்ப்பக்கம் திரும்புங்கள். இரண்டு சிறு தூண்கள், முக்கோண முகப்பு, அதன் கீழே ஒரு கல்லறை. இது அல்பெராடாவுடையது. கிஸ்கார்டின் முதல் மனைவி. நெருங்கிய உறவுமுறை என்று காரணம் காட்டி, 1058 வாக்கில் அந்தத் திருமணத்தை ரத்து செய்துவிட்டு சலேர்னோ இளவரசி சிகெல்கைத்தாவை மணந்தார் கிஸ்கார்ட். சிகெல்கைத்தாவை மோந்தே கசினோவில் அடக்கம் செய்தார்கள். தள்ளிவைக்கப்பட்டவளுக்கோ இந்தக் குலக் கோயிலில், கணவனுக்குக்கூடக் கிடைக்காத தனிக் கல்லறை. அதன்மேல் இரண்டே வரி லத்தீன்: ‘கிஸ்கார்டின் மனைவி அல்பெராடா இந்தப் பேழையில் இருக்கிறாள். மகனைத் தேடுகிறாய் என்றால், அவனைக் கனோசா வைத்திருக்கிறது.’ ‘மனைவி’ என்றுதான் எழுதியிருக்கிறது, ‘முதல்’ என்றோ ‘முன்னாள்’ என்றோ ஒரு அடைமொழி இல்லை. மகன் யார் என்றும் சொல்லவில்லை. முதலாம் சிலுவைப்போரில் அந்தியோக்கைப் பிடித்த பொஹிமண்ட் என்று படிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற தோரணை. மொத்த வெனோசாவிலும் எங்களுக்கு மிகப் பிடித்த கல் இது. எழுத்து தெளிவாக இருக்கிறது, ஆனால் வெளிச்சம் குறைவு. கைவிளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டு விழுந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சுவரோவியங்கள் இருக்கும் பக்கம் விளக்கைத் திருப்ப வேண்டாம்.

நுழைவாயில் அருகே ஒரு தூண் உண்டு. இருவர் கைகோத்து அதைச் சுற்றிக் கடந்தால் நட்பு என்றும் பிரியாது என்று ஊர் நம்பிக்கை.

பின்பக்கம்தான் ‘இன்கொம்பியூட்டா’, முடிக்கப்படாதது என்று பொருள். நார்மண்டியிலிருந்து வந்த பெரெங்கார் என்ற மடாதிபதி இருபது துறவிகளோடு இருந்த மடத்தை நூறு பேருக்கு வளர்த்தார். இடம் போதவில்லை. பழைய கோயிலின் பின்னால், அதே கோட்டில், அதைவிடப் பல மடங்கு பெரிதாகப் புதியதைத் தொடங்கினார்கள். பீடத்தைச் சுற்றி வலம் வரும் நடைபாதை, அதிலிருந்து விரியும் மூன்று சிறு மாடங்கள் என்று பிரெஞ்சு யாத்திரைக் கோயில்களின் அமைப்பு. தெற்கு இத்தாலியில் இந்த அமைப்பு மிகக் குறைவு. பக்கத்து அச்செரென்சாவிலும் நேப்பிள்ஸ் அருகே அவெர்சாவிலும் பார்க்கலாம். ஆனால் ஆதரித்த குடும்பத்தின் அதிகார மையம் சிசிலிக்கு நகர்ந்தது, மடம் நொடித்தது. 1297-ல் போப் எட்டாம் போனிஃபாஸ் பெனடிக்ட் துறவிகளை விலக்கி, சொத்தைப் புனித யோவான் வீரர்கள் என்ற போர்த்துறவிகள் சங்கத்துக்குக் கொடுத்தார். கூரை போடாமலே நின்றுவிட்டது. சுவர், தூண், தரையில் புல், மேலே வானம்.

இங்கேதான் காலையில் பயின்றது பயன்படும். வெளிச்சுவரை ஒரு முறை முழுவதும் சுற்றுங்கள், அவசரமில்லாமல். ரோமானியக் கல்லறைக் கற்கள் சில நேராகவும் சில பக்கவாட்டிலும் பதிந்திருக்கும். கட்டியவர்களுக்கு எழுத்து ஒரு பொருட்டில்லை, கல்லின் விளிம்பு நேராக இருந்தால் சரி. ஏழு கிளை விளக்கு செதுக்கிய பலகை, எபிரேய வரிகள் என்று 9-ஆம் நூற்றாண்டு யூதக் கல்லறைக் கற்களும் அதே சுவர்களில் போய்ச் சேர்ந்தன. அந்தக் கற்களில் ஆண்டைக் கணக்கிட்டிருப்பது கிறிஸ்துவை வைத்து இல்லை, எருசலேம் கோயில் இடிந்து இத்தனையாவது ஆண்டு என்று. வெனோசாவில் கிடைத்த இன்னொரு கல், ஒரு கிளாடியேட்டர் குழுவின் கல்லறைப் பட்டியல். சால்வியுஸ் கப்பித்தோ என்பவருக்குச் சொந்தமான குழு. ஒவ்வொருவன் பெயருக்கும் பக்கத்தில் எந்த ஆயுத வகை, எத்தனை போர், எத்தனை வெற்றி என்று எண்கள். அவர்கள் சண்டையிட்ட ஆம்பிதியேட்டர் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. கற்களை உருவிவிட்டதால் தடம் மட்டும்தான் மிச்சம். பூங்காவின் குளியல் மண்டபத்தில் கடல் விலங்குகள் உள்ள மொசைக் நன்றாகத் தப்பியிருக்கிறது.

நண்பகலில் இங்கே வராதீர்கள். நிழலே இல்லை என்பது ஒரு காரணம். வெயில் உச்சியிலிருந்து அடிக்கும்போது செதுக்கல் தட்டையாகி எழுத்து மறைந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். காலை பத்துக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் சாய்வெயிலில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கும். கோடையில் ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி மூன்றும் தேவை.

யூதக் கல்லறைக் குகைகளுக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. பயணத் தேதி முடிவானதுமே கேட்டு வைத்துவிடுங்கள். ஊருக்குள் வந்து இறங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். மென்மையான பாறையில் குடைந்த சுரங்கங்கள், எளிதில் உதிரும், அதனால் சிறு குழுவாகத்தான் அனுமதி. 1853-ல் கண்டுபிடித்தார்கள். சாந்து பூசிய அடைப்புகளின்மேல் சிவப்புச் சாயத்தில் எழுதியவையும் கீறியவையுமாகக் கிரேக்கம், லத்தீன், எபிரேயம் மூன்று மொழிகளும் கலந்து கிடக்கின்றன. லத்தீன் வாசகத்தின் முடிவில் ‘ஷாலோம்’ (அமைதி) என்று எபிரேயத்தில் ஒரு சொல் வரும். பேசிய மொழி ஒன்று, வேண்டிய மொழி ஒன்று. வெனோசாவின் யூதக் கல்லறை வாசகம் ஒன்று 521-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. 9-ஆம் நூற்றாண்டுக் கற்களோடு சேர்த்துப் பார்த்தால், சில நூறாண்டுகள் இந்தச் சமூகம் இங்கே வேரூன்றி இருந்தது உறுதி.

அதில் ஒரு வாசகத்துக்காகவே இங்கே வரலாம். ஃபவுஸ்தீனா, 14 வயது 5 மாதம், பெற்றோருக்கு ஒரே பிள்ளை. இரண்டு தூதர்களும் இரண்டு ரபிகளும் (யூத மத ஆசான்கள்) ஒப்பாரி சொன்னார்கள். பெற்றோருக்குப் பெருந்துயரம், ஊருக்குக் கண்ணீர் என்று எழுதி, தாத்தா வழியினர் ஊரின் தலைவர்களாக இருந்தவர்கள் என்று முடிகிறது. லத்தீன் இலக்கணம் தாறுமாறு, எழுத்துப்பிழைகள் ஏராளம். பேச்சில் இருந்த மொழி அப்படியே சுவரில் ஏறியிருக்கிறது. ஒரு யூதக் குடும்பம் நகர ஆட்சியில் இருந்தது, ‘ரபி’ என்ற சொல் இத்தாலியச் சுவரில் ஏறியது என்று ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். நமக்கு அந்த ஒப்பாரி போதும்.

ஜெசுவால்டோவின் பெயருக்காக வருபவர்களுக்குச் சுருக்கமாக: 1566 மார்ச் 8-ல் பிறந்தார், பெரும்பாலும் இந்த ஊரில்தான். வெனோசாவின் இளவரசர் என்பது அவருடைய பட்டம், வாழ்க்கை பெரும்பாலும் வேறு இடங்களில். 1590 அக்டோபர் 16 இரவு மனைவி மரியா தவலோசையும் அவளுடைய காதலன் ஃபப்ரீசியோ கரஃபாவையும் கொன்றது நேப்பிள்ஸ் மாளிகையில். கடைசி ஆண்டுகளைக் கழித்து 1613-ல் இறந்தது, அவெலினோ பக்கம் அவர் குடும்பப் பெயரையே தாங்கிய ஜெசுவால்டோ ஊரின் கோட்டையில். அவருடைய ஆறு மத்ரிகல் (பலகுரல் பாடல்) தொகுப்புகளில் கடைசி இரண்டைக் கேட்டுவிட்டு வந்தால், அந்தச் சுரங்கள் சட்டென்று பக்கத்துச் சுருதிக்கு வழுக்கும் விதம் நினைவில் இருக்கும். ஆனால் வெனோசாவில் அவரைத் தேடி அலைய வேண்டாம்.

அதைவிட நியாயமாக ஊர் கொண்டாட வேண்டியவர் ஜொவான்னி பத்தீஸ்தா தெ லூக்கா என்பது எங்கள் கருத்து. 1614-ல் இங்கே எளிய குடும்பத்தில் பிறந்து, ரோமில் வழக்கறிஞராகி, 1681-ல் கார்டினலானவர். சட்டம் லத்தீனில் மட்டும் இருந்தால் வழக்கில் மாட்டிய சாதாரண மனிதனுக்குத் தன் வழக்கே புரியாது என்று, 1673-ல் முழுச் சட்டத்தையும் இத்தாலிய மொழியில் பல தொகுதிகளாக எழுதினார். அவருக்கு நூறாண்டு முன்பு 1510-ல் பிறந்த கவிஞர் லூயிஜி தன்சில்லோவும் ஊர்க்காரர். ஜோர்தானோ புரூனோ தன் உரையாடல் நூலில் அவரை ஒரு பாத்திரமாகவே ஆக்கியிருக்கிறார். 1844-ல் பிறந்த ஓவியர் ஜாக்கோமோ தி கீரிக்கோவை, பெயர் ஒலிக்கும் விதத்தால் இருபதாம் நூற்றாண்டின் தெ கீரிக்கோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இருவரும் வேறு. 1861 ஏப்ரல் 10-ல் கார்மினே குரோக்கோவின் கலகப்படை ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்டவர்களில், பின்னாளில் இத்தாலியின் பிரதமரான நித்தியின் தாத்தாவும் ஒருவர்.

வந்து சேர்வதற்கு: ரயிலைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மாநிலத் தலைநகர் பொத்தென்சாவிலிருந்து பேருந்து, இல்லையென்றால் வாடகைக் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பகுதியில் பேருந்துகள் மிகக் குறைவு. இதில் ஒரு முரண் இருக்கிறது. இத்தாலிய அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் கார் இல்லாதவர்களுக்கு அந்த நாளில் வருவதுதான் கஷ்டம். 18 வயதுக்குக் கீழ் எல்லா நாட்டினருக்கும் எப்போதும் இலவசம், அடையாள அட்டை கேட்பார்கள். ஊரில் இரவு தங்குகிறவர்கள் வுல்துரே எரிமலை மண்ணில் விளையும் அல்யானிக்கோ திராட்சை மதுவைச் சந்திப்பார்கள். இளசாக இருந்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. சில ஆண்டுகள் வைத்திருந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கார் இருந்தால் மறுநாள் காலை வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் கனோசா. சான் சபீனோ தேவாலயத்தை ஒட்டி, குவிமாடத்தோடு தனியாக நிற்கும் ஒரு சிறு கட்டடம், வெண்கலக் கதவு. உள்ளே தரையில் ஒரு வெறும் கல், அதில் ஒரே சொல்: ‘பொஆமுந்துஸ்’. அல்பெராடாவின் கல்லறை சொன்ன மகன்.